பத்து விரலுக்குள் அடங்குமா பிள்ளை?

காட்டுப்பாக்கத்துப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோருக்கு,

மவுண்ட்–பூந்தமல்லி சாலையில் மெட்ரோ தூண்கள் எழும்பியதோடு நம் ஊரில் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் மழலையர் பள்ளிகளும் டியூஷன் சென்டர்களும் பெருகிவிட்டன. கோடை விடுமுறை நெருங்கினால் குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுக்களில் ரேகைச் சோதனை முகாம் ஒன்றின் விளம்பரம் சுற்றத் தொடங்குகிறது. பிள்ளையின் பத்து விரல் ரேகையையும் ஸ்கேனரில் பதிய வைத்தால் போதுமாம். பிறவித் திறமை எது, கணக்கு வருமா பாட்டு வருமா, கண்ணால் பார்த்துப் படிக்கிற பிள்ளையா காதால் கேட்டுப் படிக்கிற பிள்ளையா, பிளஸ் ஒன்னில் எந்த குரூப் எடுக்கலாம் என்று நாற்பது ஐம்பது பக்கத்துக்கு வண்ண அறிக்கை வந்துவிடும். கட்டணம் சில ஆயிரம் ரூபாய். சோதனையின் பெயர் டி.எம்.ஐ.டி. அறிவியல், மூளையியல், உளவியல் ஆகிய மூன்றும் சேர்ந்த முறை என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும்.

உயிரியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் உங்களில் சிலர் அந்த அறிக்கையை என்னிடம் கொண்டுவந்து, "டீச்சர், இதை நம்பலாமா?" என்று கேட்டீர்கள். நம்ப வேண்டாம் என்பதே என் பதில். இந்திய மனநல மருத்துவர்கள் சங்கமும் இந்தச் சோதனைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று அறிக்கை வெளியிட்டிருக்கிறது. ஆனால் பெரியவர்கள் சொன்னார்கள் என்று நீங்கள் நம்புவதும் சரியல்ல. காரணத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

விளம்பரம் சொல்வதில் பாதி உண்மை. அதனால்தான் படித்தவர்களும் ஏமாறுகிறோம். கருவில் மேல்தோலும் மூளையும் புறப்படலம் என்ற ஒரே அடுக்கிலிருந்து உருவாகின்றன. விரல் ரேகையின் வடிவம் கருவின் மூன்றாம், நான்காம் மாதத்தில் அமைந்துவிடுகிறது, பிறகு மாறுவதில்லை. இவை இரண்டும் சரி. 'ஆகவே ரேகையில் மூளை தெரியும்' என்கிற மூன்றாவது வாக்கியம்தான் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது. முடியும் நகமும் பல்லின் எனாமலும்கூட அதே புறப்படலத்தில் பிறந்தவைதான். நகத்தை வெட்டிக் கொடுத்தால் மெடிக்கல் சீட்டு கிடைக்குமா என்று யாரும் கேட்பதில்லை. ரேகை வடிவத்தோடு தொடர்புள்ள மரபணுக்களைத் தேடிய ஒரு பெரிய ஆய்வு 2022-இல் 'செல்' இதழில் வந்தது. அதில் முன்னுக்கு வந்தவை கை கால் வளர்ச்சிக்கான மரபணுக்கள். விரல் நீளத்துக்கும் ரேகை வடிவத்துக்கும் தொடர்பு தெரிந்தது. ரேகை சொல்லும் கதை கையின் கதை.

ஒரே சாயலுள்ள இரட்டையரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கருமுட்டையிலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய விரல் ரேகைகள் வேறு வேறு. போலீஸ்காரர் பிரித்துச் சொல்லிவிடுவார். ஆனால் நுண்ணறிவுச் சோதனையில் அவர்கள் மதிப்பெண்கள் மிக நெருக்கமாக வருகின்றன. ரேகை அறிவை எழுதுவதாக இருந்தால் இது எப்படி நடக்கும்? இன்னொன்று. இருபதாம் நூற்றாண்டில் பல நாடுகளில் நுண்ணறிவு மதிப்பெண் பத்தாண்டுக்கு ஏறத்தாழ மூன்று புள்ளி வீதம் ஏறியது. ஜேம்ஸ் ஃபிளின் என்ற ஆய்வாளர் 1980களில் இதை எடுத்துக்காட்டினார். பள்ளி கூடியது, சாப்பாடு கூடியது, வாழ்க்கை மாறியது, மதிப்பெண் ஏறியது. மூன்று தலைமுறைக்குள் மனிதர்களின் விரல் ரேகை மாறிவிடவில்லை.

உள்ளங்கையை மருத்துவர்கள் பார்ப்பதே இல்லையா என்று கேட்பீர்கள். பார்க்கிறார்கள். டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தைகளில் உள்ளங்கையின் குறுக்கே ஒற்றைக் கோடு ஓடுவது அதிகம். ஆனால் எந்தக் குறையும் இல்லாத குழந்தைகள் சிலருக்கும் அந்தக் கோடு உண்டு. அதனால் மருத்துவர் கோட்டைப் பார்த்துச் சந்தேகிப்பதோடு நிறுத்திக்கொள்வார். முடிவைக் குரோமோசோம் பரிசோதனை சொல்லும். சந்தேகிக்க ஒரு தடயம், முடிவு செய்ய வேறொரு சான்று என்று இரண்டையும் பிரித்து வைப்பதுதான் அறிவியலின் ஒழுக்கம். முகாமில் அந்தப் பிரிவினை கிடையாது. தடயமும் தீர்ப்பும் ஒரே மேசையில், ஒரே ரசீதில்.

ரேகையில் மனிதரின் குணத்தைப் படிக்க முயன்ற முதல் ஆள் இந்த முகாம்காரர் அல்ல. அந்த வரலாறு வங்காளத்தில் தொடங்குகிறது. 1858-இல் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, சாலைக்குச் சரளை தருவதாக ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்ற ஒப்பந்தக்காரரிடம் ஒப்பந்தத்தில் கையை அழுத்தி வைக்கச் சொன்னார். பின்னாளில் பேச்சு மாறக் கூடாது என்பதுதான் நோக்கம். பிறகு இந்த ரேகைகளை ஆராய்ந்தவர் பிரான்சிஸ் கால்டன். அறிவு பரம்பரையாக வருவது என்று 1869-இலேயே புத்தகம் எழுதியவர். மனித இனத்தைத் தேர்ந்தெடுத்து வளர்க்க வேண்டும் என்ற கொள்கைக்கு 1883-இல் பெயர் சூட்டியவரும் அவர்தான். ரேகையில் அறிவும் குணமும் இனமும் தெரிந்துவிட வேண்டும் என்று அவரைவிட ஆசைப்பட்டவர் இருக்க முடியாது. மாணவர்கள், பண்ணைத் தொழிலாளர்கள், மனவளர்ச்சி குன்றியோர் இல்லத்தில் இருந்தவர்கள் என்று பலரிடம் ரேகை வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தார். வேறுபாடு எதுவும் அவர் கைக்குச் சிக்கவில்லை. பெரிய சிந்தனையாளரின் ரேகையும் பிறவியிலேயே மூளை வளராதவரின் ரேகையும் ஒன்றுபோல் இருக்கக் கண்டார். 1892-இல் வெளியிட்ட 'ஃபிங்கர் பிரிண்ட்ஸ்' நூலில் தன் எதிர்பார்ப்பு பொய்த்ததை அவரே எழுதிவைத்தார். ஆசைப்பட்டவனே தேடிப் பார்த்து இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த விஷயத்தைத்தான் நூற்று முப்பது ஆண்டு கழித்து நமக்கு விற்கிறார்கள்.

இந்த ஏமாற்றைப் பிடிக்க ஆய்வுக்கூடம்கூட வேண்டாம். நம் தமிழே போதும். நம் ஊர் வழியாகப் போகிற சாலை பூந்தமல்லியைத் தாண்டிக் காஞ்சிபுரத்துக்குப் போகிறது. அந்தக் காஞ்சியில்தான், மணிமேகலைக் காப்பியத்தில், பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் கற்பிக்கிறார். எது காட்சி, எது கருத்து, எந்தக் காரணம் செல்லும், எது காரணம்போல் வேடமிட்டு வருகிறது என்று ஒரு காதை முழுக்கப் பாடம். காரணமாகத் தோன்றி, காரணமாகாமல் போவதற்கு ஏதுப்போலி என்று பெயர். அதில் ஒரு வகை அநைகாந்திகம்: நிரூபிக்க வந்த பொருள் உள்ள இடத்திலும் ஏது இருக்கும், இல்லாத இடத்திலும் இருக்கும். அப்படிப்பட்ட ஏதுவை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. ஒரே வகை ரேகை அறிவாளியின் விரலிலும் இருக்கிறது, மந்தமானவர் விரலிலும் இருக்கிறது என்று கால்டன் கண்டாரே, அது அப்பட்டமான அநைகாந்திகம். தத்துவம் என்றால் வயதான காலத்தில் படிப்பது என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். ஏமாறாமல் இருக்கக் கற்றுக்கொடுப்பதும் அதன் வேலைதான்.

"இல்லை டீச்சர், என் பையனைப் பற்றி அப்படியே புட்டுப் புட்டு வைத்திருக்கிறார்கள்" என்று ஒரு தாய் சொன்னார். அறிக்கையை வாங்கிப் பார்த்தேன். பிள்ளைகளைக் கழுகு, மயில், புறா, ஆந்தை என்று பறவைகளாகப் பிரித்திருந்தார்கள். அவர் பையன் புறா. பழகிவிட்டால் நன்றாகப் பேசுவான்; புது இடத்தில் தயங்குவான்; பாராட்டினால் ஊக்கம் பெறுவான்; திட்டினால் சோர்வான்; திறமை இருந்தும் முழுதாக வெளிப்படுத்துவதில்லை. எந்த வீட்டுப் பிள்ளைக்கு இது பொருந்தாது? 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைச் சோதனை வைத்து, ஒவ்வொருவருக்கும் அவரைப் பற்றிய முடிவு என்று ஒரு தாளைக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லாத் தாளிலும் இருந்தது ஒரே வாசகம். கடையில் விற்கும் ஜோதிடப் புத்தகத்திலிருந்து பொறுக்கி எடுத்த வரிகள். வைத்தீஸ்வரன்கோயிலில் நாடி பார்க்கிறவரும் பெருவிரல் ரேகையைத்தான் முதலில் வாங்குகிறார். அவரிடம் போகிறவருக்காவது தான் போவது ஜோதிடரிடம் என்று தெரியும்.

கண்ணால் படிக்கிற பிள்ளை, காதால் படிக்கிற பிள்ளை என்ற பிரிவும் அப்படித்தான். பிள்ளையின் 'பாணி'க்கு ஏற்பப் பாடம் நடத்தினால் கூடுதலாகக் கற்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று ஹெரால்டு பாஷ்லரும் சக உளவியலாளர்களும் 2008-இல் ஆய்வுகளை அலசிச் சொல்லிவிட்டார்கள். அறிக்கைகள் பெருமையாகக் குறிப்பிடும் ஹோவர்டு கார்ட்னரின் பல்வகை நுண்ணறிவுக் கொள்கை 1983-இல் வந்தது. அதில் விரல் ரேகைக்கு இடமே இல்லை.

சரி, பணம் போனால் போகிறது, பொழுதுபோக்காக எடுத்துக்கொள்ளக் கூடாதா? கூடாது என்பதற்காகத்தான் இந்த மடல். ரேகையை வைத்தும் மூக்கை வைத்தும் மனிதர்களை வகைபிரித்ததன் விலையைத் தமிழ்நாடு ஏற்கெனவே கொடுத்திருக்கிறது.

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு 1885 முதல் 1908 வரை பொறுப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். அளவுகோலும் இடுக்கிகளும் வைத்துக்கொண்டு மாகாணம் முழுக்கத் தலையையும் மூக்கையும் அளந்தார். மூக்கின் அகலத்தை நீளத்தால் வகுத்து வரும் எண்ணில் ஒரு சாதியின் இடம் தெரியும் என்று அன்று நம்பிய அறிஞர் கூட்டத்தில் அவரும் ஒருவர். தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றி 1909-இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். இன்று யாரும் மூக்கை வகுத்துப் பார்ப்பதில்லை. ஆனால் அது அன்றைய அறிவியல். கருவி, எண், அட்டவணை எல்லாம் முறையாக இருந்தன.

மனிதரைப் பிறப்பால் வகைபிரிக்கும் அந்த மனநிலைக்கு அரசாங்கம் சட்ட வடிவமும் கொடுத்தது. வட இந்தியாவில் 1871-இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சாதியில் பிறந்ததே குற்றவாளி என்பதற்குச் சான்று. பெயரைப் பதிந்து ரேகை வைக்க வேண்டும். ஊரைவிட்டு வெளியே போக ராதாரிச் சீட்டு வேண்டும். ஆண்கள் இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும். மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் பிரமலைக் கள்ளர்கள் ரேகை வைக்க மறுத்து நின்றபோது, 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேர் செத்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947-இலும் நாடு முழுவதும் 1952-இலும் அந்தச் சட்டம் ஒழிந்தது.

முகாம்காரரும் அந்த அரசும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அடியில் ஓடும் நினைப்பு ஒன்றுதான்: இந்த ஆள் என்ன ஆவான் என்பது பிறக்கும்போதே முடிந்துவிட்டது, அது உடம்பில் எழுதியிருக்கிறது, படிக்கத் தெரிந்தவர் படித்துச் சொல்லலாம். ரேகையால் சொல்ல முடிந்தது ஒன்றே ஒன்று, இவர் யார் என்பது. அதையும் எப்போதும் சொல்லிவிடுவதில்லை. சித்தாள் வேலைக்குப் போகிற பெண்களுக்கும் பாத்திரம் தேய்க்கிற பெண்களுக்கும் ரேகை தேய்ந்துபோய், ரேஷன் கடை மெஷின் ஏற்காமல் வரிசையில் நிற்பதை நம் ஊரிலேயே பார்க்கலாம். இவர் எப்படிப்பட்டவர் என்ற கேள்வி ரேகைக்கு எட்டாத கேள்வி.

உளவியலும் இந்தத் தவறைச் செய்திருக்கிறது. 1905-இல் பாரிசில் ஆல்பிரெட் பினேயும் தியோடர் சிமோனும் முதல் நுண்ணறிவுச் சோதனையை உருவாக்கினார்கள். பள்ளியில் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டுபிடித்துக் கூடுதல் கவனம் கொடுக்கத்தான் அது. அறிவு என்பது மாறாத அளவு என்று பேசியவர்களைப் பினே 1909-இலேயே கண்டித்து எழுதினார். அவர் 1911-இல் இறந்துபோனார். அதே சோதனை அமெரிக்காவுக்குப் போய், யாரை 'மந்தபுத்தி' என்று ஒதுக்கலாம் என்று முடிவு செய்யும் கருவியாகிவிட்டது. அப்படி முத்திரை குத்தப்பட்ட கேரி பக் என்ற இளம்பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1927-இல் தீர்ப்பளித்தது. உதவி செய்யப் பிறந்த சோதனை ஒதுக்கித் தள்ளும் கருவியாகக் கால் நூற்றாண்டுகூட ஆகவில்லை.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கல்லை 'இது கருங்கல்' என்று சொன்னால் கல்லுக்கு ஒன்றும் ஆகாது. பிள்ளையிடம் 'உனக்குக் கணக்கு வராது' என்று சொன்னால் அது காதில் விழுகிறது, வீட்டுப்பாடத்தை எடுக்கும் கை தயங்குகிறது, அம்மாவும் விட்டுவிடுகிறாள், ஆண்டு முடிவில் கணக்கு உண்மையிலேயே வராமல் போகிறது. 'பார்த்தீர்களா, ரிப்போர்ட்டில் அப்படியே இருந்தது' என்கிறோம். மனிதரை வகைப்படுத்தினால் வகைப்பட்டவர் அதற்கேற்ப மாறுகிறார், அவர் மாற மாற வகையும் மாறுகிறது என்று கனடாவின் தத்துவ அறிஞர் இயன் ஹாக்கிங் விரிவாக எழுதினார். அமெரிக்கப் பள்ளி ஒன்றில் ரோசந்தாலும் ஜேக்கப்சனும் நடத்தி 1968-இல் வெளியிட்ட ஆய்வில், 'இவர்கள் இந்த ஆண்டு மலரப்போகிறார்கள்' என்று குருட்டாம்போக்கில் பெயர் சொல்லப்பட்ட பிள்ளைகளில், சின்ன வகுப்புகளில் இருந்தவர்கள் மற்றவர்களைவிட முன்னேறினார்கள். அந்த விளைவு எவ்வளவு பெரியது என்பதில் பின்னால் நிறைய சண்டை நடந்தது. ஆனால் ஆசிரியரின் எதிர்பார்ப்பு பிள்ளையைத் தொடும் என்பதை வகுப்பில் நின்றவர்கள் யாரும் மறுக்க மாட்டார்கள்.

அப்படியானால் பிள்ளையைப் புரிந்துகொள்ள வழியே இல்லையா? இருக்கிறது. மணிமேகலைக்கே திரும்பப் போனால், அதன் கடைசிக் காதையில் பௌத்தத்தின் பன்னிரு சார்புகள் வருகின்றன. ஒன்று இன்னொன்றைச் சார்ந்து தோன்றுகிறது. சார்பு நீங்கினால் அதுவும் நீங்குகிறது. ஆளைப் பார்க்கும்போது 'இவன் என்ன ரகம்' என்ற கேள்வியை ஒதுக்கி வைத்துவிட்டு 'இது எதைச் சார்ந்து நடக்கிறது' என்று கேட்கச் சொல்லும் பார்வை அது. மதிய உணவுத் திட்டமும் 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் அந்தக் கேள்வியிலிருந்து வந்தவைதான். முதல் பீரியடில் பிள்ளை கவனிக்கவில்லை என்றால் வயிற்றைப் பார் என்பது அரசுக்கே புரிந்திருக்கிறது.

உங்கள் பிள்ளை படிப்பில் தடுமாறினால் இந்த வரிசையில் போங்கள். முதலில் கண் பரிசோதனை, காது பரிசோதனை. கரும்பலகை தெரியாத பிள்ளையைத்தான் பல நேரம் கவனமில்லாத பிள்ளை என்கிறோம். பிறகு தூக்கம், சாப்பாடு, வீட்டுச் சண்டை, பள்ளியில் யாராவது மிரட்டுகிறார்களா என்பது. வகுப்பாசிரியரிடம் உட்கார்ந்து பேசுங்கள். அதற்குப் பிறகும் எழுத்துகள் குழம்பினால், வயதுக்கேற்ற வாசிப்பு வராவிட்டால், தகுதி பெற்ற உளவியலாளரிடமோ அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவிலோ கேளுங்கள். மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இதற்காகவே இருக்கின்றன. கற்றல் குறைபாட்டுக்கென்றே சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் பல ஆண்டுகளாக வேலை செய்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதனால் தேர்வுச் சலுகைகளையும் கேட்டுப் பெற முடியும். இத்தகைய மையங்களில் நடக்கும் மதிப்பீடு ஐந்து நிமிடத்தில் முடியாது. பிள்ளையைப் படிக்கச் சொல்வார்கள், எழுதச் சொல்வார்கள், உங்களிடம் பிரசவம் முதல் விசாரிப்பார்கள், கொஞ்ச காலம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். எந்த ரகம் என்று சொல்லி அனுப்பாமல், அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்லி அனுப்புவார்கள்.

அறிக்கையை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அதைப் பிள்ளைக்குப் படித்துக் காட்ட வேண்டாம். பிளஸ் ஒன்னில் குரூப் எடுக்கும்போது அதை அலமாரியிலிருந்து எடுக்கவும் வேண்டாம். பிள்ளை எதைச் சொல்லாமலே செய்கிறது, எதில் தோற்றாலும் திரும்பப் போய் உட்காருகிறது என்பதைக் கவனித்திருப்பீர்களே, அதை வைத்துப் பேசுங்கள். வாங்காதவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். பாஸ்வேர்டு திருட்டுப் போனால் மாற்றிக்கொள்ளலாம். விரலை மாற்ற முடியாது. ஆதாருக்கும் நாளைக்கு வங்கிக்கும் பயன்படப்போகிற அந்தப் பத்து விரல் பதிவு முகாம் முடிந்த பிறகு யாருடைய கம்ப்யூட்டரில் இருக்கும் என்று கேட்டீர்களா?

குடியிருப்புச் சங்கங்களுக்கும் மழலையர் பள்ளி நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முகாம் போட இடம் கேட்டு யார் வந்தாலும் நான்கு கேள்விகளை முன்வையுங்கள். ஒரே பிள்ளையின் ரேகையை வேறு பெயரில் மறுபடி கொடுத்தால் அதே அறிக்கை வருமா? பெயரை மறைத்துப் பத்துப் பிள்ளைகளின் அறிக்கைகளைக் கலந்து கொடுத்தால் பெற்றோர் தம் பிள்ளையுடையதைக் கண்டுபிடிப்பார்களா? அறிக்கை பொய்த்துப்போன பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களைக் கணக்கில் எடுத்தீர்களா? ரேகைப் பதிவை எப்போது அழிப்பீர்கள்? இவற்றுக்குப் பதில் வரும்வரை கிளப் ஹவுஸ் சாவியைக் கொடுக்காதீர்கள். கேள்வியை எழுத்தில் கேளுங்கள். பதிலும் எழுத்தில் வரட்டும். வந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்பிவையுங்கள், உட்கார்ந்து படித்துப் பார்க்கிறேன்.

அன்புடன்,
காட்டுப்பாக்கத்திலிருந்து
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை ஒருவர்